ஒரே மூலத்திலிருந்து பல கையேடுகள்: குறி போடுவதற்கு முன்

கோலாலம்பூரிலிருந்து ஒரு தங்கை கேட்ட கேள்வி இது. அவர் வேலை செய்யும் நிறுவனம் சின்னக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணக்கு மென்பொருள் விற்கிறது. 'அடிப்படை', 'வணிகம்', 'ஆன்லைன்' என்று மூன்று பதிப்புகள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். உதவிக் கையேடு ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றிலும் வேண்டும். இப்போது கையில் 18 வேர்ட் கோப்புகள். ஒரு பட்டனின் பெயர் மாறினால் 18ஐயும் திறக்க வேண்டியிருக்கிறது. "எல்லாவற்றையும் ஒரே மூலத்திலிருந்து எடுக்கலாம் என்கிறார்கள். எந்தக் கருவியை வாங்குவது? எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

எடுக்கலாம். நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில், இருபது வருடத்துக்கும் மேலாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். கருவியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கருவி சரிப்படவில்லை என்றால் சில மாத உழைப்பில் வேறொன்றுக்கு மாறிவிடலாம். குறிகளைத் தப்பாகப் போட்டுவிட்டால் ஒவ்வொரு பத்தியாக உட்கார்ந்து படித்துத்தான் திருத்த வேண்டும். அந்த வேலையை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். உங்களுக்கு அது வேண்டாம்.

குறி என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு பத்தியின் மேல் "இது ஆன்லைனுக்கு மட்டும்" என்று அடையாளம் போட்டு வைக்கிறோம். கையேட்டை வெளியிடும்போது, இந்த அடையாளம் உள்ளதைச் சேர், அந்த அடையாளம் உள்ளதை விடு என்று கருவிக்குச் சொல்கிறோம். ஒரே மூலத்திலிருந்து வேறுவேறு கையேடுகள் வருகின்றன. கண்டிஷனல் டெக்ஸ்ட் என்று சொல்வார்கள். பழைய உத்திதான். செய்வது சுலபம், கெடுப்பது அதைவிடச் சுலபம்.

முதலில் அந்த 18 என்ற எண்ணைக் குறைப்போம். பதிப்பு மூன்று, நாடு இரண்டு, மொழி மூன்று, பெருக்கினால் 18. பிடிஎஃப் ஒன்று, இணையப் பக்கம் ஒன்று என்று சேர்த்தால் 36. இந்தக் கணக்கைப் பார்த்து மலைத்துப்போய்த்தான் பலர் பெரிய கருவியாகத் தேடுகிறார்கள். ஆனால் இந்த நான்கும் ஒரே வகை வேறுபாடு கிடையாது.

பிடிஎஃப்பா இணையமா என்பது தோற்றம் சம்பந்தப்பட்டது. உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றுதான். "42ஆம் பக்கம் பார்க்க" என்று கையால் எழுதாமல் இணைப்பாகக் கொடுத்துவிட்டால், அச்சில் பக்க எண்ணையும் திரையில் லிங்க்கையும் கருவியே போட்டுக்கொள்ளும். எனவே அதற்குக் குறி வேண்டாம்.

மொழிக்கும் குறி வேண்டாம். ஒரே கோப்பில் ஆங்கிலப் பத்தி, அதன்கீழ் மலாய், அதன்கீழ் தமிழ் என்று குறி போட்டு அடுக்கியிருந்த ஒரு வேலையை நான் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தியை இரண்டாகப் பிரித்தால், மற்ற இரண்டு மொழிகளில் அதற்கு ஈடான இடம் எது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். மொழிக்கு ஒரு ஃபோல்டர் வையுங்கள். மூன்றிலும் கோப்புகளின் பெயர் ஒன்றாக இருக்கட்டும், குறிகளும் ஒன்றாக இருக்கட்டும். கோப்புகளை 'கிட்' (Git) என்ற, மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் நிரலில் வைத்திருந்தால் போன முறைக்குப் பிறகு எந்த ஆங்கிலக் கோப்பு மாறியது என்று அதுவே காட்டும். அதே பெயருள்ள மலாய், தமிழ்க் கோப்புகளை மட்டும் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் போதும்.

மிச்சம் இருப்பது பதிப்பும் நாடும் மட்டும். மூன்று பெருக்கல் இரண்டு, ஆறு. ஆறைச் சமாளிக்கலாம்.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பத்தி எந்தக் கையேட்டில் வரவேண்டும் என்பதைக் குறியாகப் போடாதீர்கள். அது ஏன் மாறுகிறது என்பதைப் போடுங்கள்.

உங்கள் மென்பொருளில் கிளைக் கணக்கு என்று ஒரு வசதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வணிகத்திலும் ஆன்லைனிலும் உண்டு, அடிப்படையில் இல்லை. கிளை பற்றிய பத்திகளுக்கெல்லாம் 'வணிகம்', 'ஆன்லைன்' என்று இரண்டு குறிகளைப் போடத்தான் முதலில் கை போகும். ஊழியர்களுக்குத் தனித்தனி பாஸ்வேர்ட் கொடுக்கும் வசதிக்கும் அதே இரண்டு குறிகள். தானாக நகல் எடுக்கும் வசதிக்கும் அதேதான். முதல் வருடம் நன்றாகவே ஓடும். அப்புறம் ஒருநாள் முதலாளி, கிளைக் கணக்கை அடிப்படையிலும் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுப்பார். நீங்கள் அந்த இரண்டு குறிகள் உள்ள பத்திகளைத் தேடினால் கிளை, பாஸ்வேர்ட், நகல் எல்லாம் கலந்து வந்து நிற்கும். எந்தப் பத்தி எதனால் அந்தக் குறியை வாங்கியது என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஒவ்வொன்றையும் படித்துத்தான் பிரிக்க வேண்டும்.

அதே பத்திகளுக்குக் 'கிளை', 'ஊழியர்-உரிமை', 'தானியங்கி-நகல்' என்று குறி போட்டிருந்தால் நிலைமை வேறு. எந்தப் பதிப்பில் எந்த வசதி உண்டு என்பது வெளியே ஒரு சின்ன அட்டவணையில் இருக்கும். அடிப்படைக்கு நேரே கிளை 'இல்லை' என்றிருப்பதை 'உண்டு' என்று மாற்றினால் வேலை முடிந்தது. பத்திகளைத் தொடவே வேண்டாம். நாளைக்கு நான்காவதாக ஒரு பதிப்பு வந்தாலும் அட்டவணையில் ஒரு வரிசை கூடும், அவ்வளவுதான். கையேடு எழுதும் முறைகள், கருவிகள் சிலவற்றைச் சொல்கிறேன். டிட்டாவில் இந்த அட்டவணையை டிட்டாவால் என்ற தனிக் கோப்பில் வைப்பார்கள். ஃபிளேரில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று டார்கெட் என்ற அமைப்பில் குறித்து வைப்பார்கள். ஆஸ்கிடாக்கிலும் ஸ்பிங்ஸிலும் கட்டளை கொடுக்கும்போதே சொல்லிவிடலாம். பெயர்தான் வேறு, வசதி இவை எல்லாவற்றிலும் இருக்கிறது.

இதை நான் அரசாங்க வரி விஷயத்தில் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2015 ஏப்ரல் 1ஆம் தேதி மலேசியாவில் ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரி 6 விழுக்காட்டில் தொடங்கியது. அப்போது நான் இருந்த இடத்தில், கையேட்டில் நாற்பது இடங்களில் 6 என்று எழுதாமல், 'வரி-விகிதம்' என்று ஒரு மாறியை வைத்து அதன் மதிப்பை ஒரே இடத்தில் எழுதினோம். 2018 ஜூன் 1ஆம் தேதி விகிதம் 0 ஆனபோது ஓர் எண்ணை மாற்றி எல்லாக் கையேடுகளையும் அன்றே வெளியிட்டோம். எல்லோருக்கும் சந்தோஷம். அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரி வந்தது. சேவை வரி 6. விற்பனை வரி பொருளைப் பொறுத்து 5 அல்லது 10. அந்த ஒற்றை மாறிக்குள் இது அடங்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், ஜிஎஸ்டியில் வியாபாரி தான் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், எஸ்எஸ்டியில் அப்படிக் கழிக்க முடியாது. ஆகவே "உள்ளீட்டு வரியைக் கழிக்கவும்" என்று சொன்ன பக்கங்கள் முழுக்கவே போக வேண்டியிருந்தது. நாங்கள் எண்ணைக் கவனித்தோமே தவிர, எண்ணுக்குப் பின்னால் இருந்த வரிமுறையைக் குறிக்கவில்லை. 'ஜிஎஸ்டி' என்று ஒரு குறி இருந்திருந்தால் அந்தப் பக்கங்கள் ஒரே நாளில் விலகியிருக்கும். அது இல்லாததால் பத்தி பத்தியாகத் தேடி எடுத்தோம்.

2024 மார்ச் 1ஆம் தேதி சேவை வரி 8 ஆனது. ஆனால் உணவு பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம் போன்றவை 6இலேயே நின்றன. சாப்பாட்டுக் கடையும் கணக்காய்வு அலுவலகமும் ஒரே மென்பொருளைத்தான் வாங்குகின்றன. சிங்கப்பூரிலோ ஜிஎஸ்டி 2023 ஜனவரி 1இல் 7லிருந்து 8 ஆகி, அடுத்த ஜனவரியில் 9 ஆனது. 2023இல் எழுதிய சிங்கப்பூர்க் கையேட்டில் இருக்கும் 8 வேறு, 2024இல் எழுதிய மலேசியக் கையேட்டில் இருக்கும் 8 வேறு. எண் ஒன்றாக இருக்கிறதே என்று ஒரே மாறியில் கட்டினால் அடுத்த பட்ஜெட்டில் இரண்டில் ஒன்று தப்பாகும்.

சரி, இதில் இன்னொரு வழியும் இருக்கிறது. பல நேரம் அதுதான் நல்ல வழி. விகிதத்தைக் கையேட்டில் எழுதவே எழுதாதீர்கள். மென்பொருள் திரையில் விகிதம் தெரிகிறது அல்லவா? "வரிக் கட்டத்தில் தெரியும் விகிதம் உங்கள் தொழிலுக்குச் சரியா என்று பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதினால் அந்த வாக்கியம் இரண்டு நாட்டுக்கும் மூன்று பதிப்புக்கும் பொருந்தும். குறி போடக் கை போகும்போதெல்லாம், வாக்கியத்தை மாற்றி எழுதினால் குறி இல்லாமலே முடியுமா என்று முதலில் பாருங்கள்.

குறி போடவே கூடாத வேறுபாடும் உண்டு. மலேசியாவின் இ-இன்வாய்ஸை, அதாவது பில்லை மின்னணு வடிவில் வரித்துறைக்கு அனுப்பும் கட்டாயத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 1இல் தொடங்கியது. இரண்டரைக் கோடிக்கு மேல் 10 கோடி வரை உள்ளவர்களுக்கு 2025 ஜனவரி 1. 50 லட்சத்துக்கு மேல் இரண்டரைக் கோடி வரை 2025 ஜூலை 1. ஒரே வணிகப் பதிப்பை வாங்கிய இரண்டு கடைகள் இரண்டு வெவ்வேறு தேதிகளில் தொடங்க வேண்டியவை. எந்தக் கடை எது என்று உங்கள் கருவிக்குத் தெரியாது, கடைக்காரருக்குத்தான் தெரியும். அங்கே குறியை விட்டுவிட்டு, "உங்கள் ஆண்டு விற்பனை இவ்வளவு என்றால்" என்று ஓர் அட்டவணையைப் போட்டு வாசகரிடமே முடிவை விடுங்கள்.

இப்போது ஒரு துணிக்கடை. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், சேலை மடித்து அடுக்கிய கண்ணாடி மேசைக்கு அடியில், அந்தக் கடைக்காரர் எங்கள் கையேட்டில் நான்கு பக்கத்தை அச்சடித்து வைத்திருந்தார். பில் போடும் பக்கங்கள். ஒரு படிக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கேள்விக்குறி. அந்தப் படியில் இப்படி இருந்தது: "தேர்ந்தெடுத்த கிளையின் பெயர் மேலே தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளவும்." அவரிடம் இருந்தது அடிப்படைப் பதிப்பு. கிளையைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன முந்தைய படிக்குக் குறி இருந்தது, அதனால் அது அவருடைய பிரதியில் வரவில்லை. அதை நம்பி நின்ற அடுத்த படிக்குக் குறி போட மறந்திருக்கிறோம். "எனக்கு ஒரே கடை தம்பி, கிளைக்கு எங்க போவேன்? எனக்குத்தான் இதெல்லாம் புரியலைன்னு விட்டுட்டேன்" என்றார். இரண்டு நாள் சாயங்காலம் கடை மூடிய பிறகு உட்கார்ந்து அந்தப் பெயரைத் திரையில் தேடியிருக்கிறார். தப்பு எங்களுடையது, அவர் தன்னைக் குறை சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு கையேட்டை வெளியிடும் முன் அந்தப் பதிப்பின் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, படிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்காமல் நான் விட்டதில்லை. ஆறு கையேடு என்றால் ஆறு முறை. மூலத்தைப் படித்தால் இந்தத் தப்பு கண்ணில் படாது. மூலத்தில் நான்காவது படியும் ஐந்தாவது படியும் அருகருகே ஒழுங்காகத்தான் இருக்கும்.

அந்தத் தப்பைக் குறைக்க ஓர் எளிய வழக்கம் வைத்திருக்கிறேன். வரிசைப் படிகளில் ஒரு படி மாறினால் குறி போடுவேன். இரண்டு மாறினால் யோசிப்பேன். மூன்று மாறினால் அந்தச் செய்முறையை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே எழுதிவிடுவேன். நாலு வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும், பரவாயில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் தொல்லைகள் இரண்டு இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இவை பற்றி ஒன்றும் இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்று, வாக்கியத்துக்குள் வெட்டுவது. "சேமி பட்டனை அழுத்தி, இணையத்தில் ஏறும்வரை காத்திருக்கவும்." இதில் காத்திருப்பது ஆன்லைன் பதிப்புக்கு மட்டும். ஆங்கிலத்திலும் மலாயிலும் ஏவல் வினை முன்னால் வந்துவிடும். பின்பாதியை வெட்டினாலும் முன்பாதி முழு வாக்கியமாக நிற்கும். தமிழில் வெட்டினால் "சேமி பட்டனை அழுத்தி," என்று அந்தரத்தில் தொங்கும். வாக்கியத்தை முடிக்கும் வினை கடைசியில் இருக்கிறது, அதுவும் வெட்டுப்பட்ட பாதியோடு போய்விட்டது. எனவே குறி போடக்கூடிய மிகச் சின்ன அளவு ஒரு முழு வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சேமி பட்டனை அழுத்தவும். இணையத்தில் ஏறும்வரை காத்திருக்கவும்." இரண்டாவது வாக்கியத்துக்குக் குறி. மூலம் ஆங்கிலத்தில் இருந்தாலும் இந்த விதியை ஆங்கிலம் எழுதுபவரும் கடைப்பிடிக்க வேண்டும். அங்கே வாக்கியத்தின் நடுவில் குறி விழுந்துவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கையில் துண்டுகள்தான் கிடைக்கும். துண்டுகளை ஒட்டித் தமிழ் வாக்கியம் செய்ய முடியாது.

இரண்டாவது, மாறிகளோடு வேற்றுமை உருபு சேர்வது. மென்பொருளின் பெயரை மாறியாக வைத்து, எங்கெல்லாம் பெயர் வருகிறதோ அங்கெல்லாம் மாறியைப் போடுங்கள் என்று எல்லா வழிகாட்டியும் சொல்லும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைப் போட்டால் முடிந்தது. தமிழில் உருபு பெயரோடு ஒட்டும், ஒட்டும்போது பெயரையே மாற்றும். மென்பொருளின் பெயர் 'பேரேடு' என்று வைத்துக்கொண்டால் பேரேட்டில், பேரேட்டை, பேரேட்டுக்கு என்று ஆகும். 'வணிகம்' என்றால் வணிகத்தில், வணிகத்தை. 'ஆன்லைன்' என்றால் எதுவும் மாறாமல் ஆன்லைனில். கருவிக்கு இந்த இலக்கணம் தெரியாது. மாறியைப் போட்டு 'இல்' என்று ஒட்டினால் "வணிகம்இல்" என்று அச்சாகிவிடும். அப்படி அச்சானதை நான் பார்த்திருக்கிறேன். படிக்கும் கடைக்காரருக்கு இது தமிழ் தெரிந்தவர் எழுதியதில்லை என்று முதல் பக்கத்திலேயே தோன்றிவிடும், அப்புறம் அவர் ஆங்கிலப் பிரதியைத்தான் கேட்பார்.

ஒவ்வொரு உருபுக்கும் ஒரு மாறி வைக்கலாம். பெயர் இரண்டு மூன்று என்றால் முடியும், ஆனால் எழுதுபவருக்குச் சலிப்பு. நான் செய்வது வேறு. பெயரை மேற்கோளுக்குள் அப்படியே நிறுத்திவிட்டு, உருபைப் பின்னால் வரும் பொதுச்சொல்லுக்குக் கொடுத்துவிடுவேன். 'வணிகம்' பதிப்பில், 'பேரேடு' மென்பொருளை, 'ஆன்லைன்' பதிப்புக்கு. வணிகப் பதிப்பு என்பதுதான் காதுக்கு இயல்பு என்பது உண்மை, நானும் பேச்சில் அப்படித்தான் சொல்வேன். மேற்கோள் போட்டுப் பெயராகக் காட்டிவிட்டால் 'வணிகம்' பதிப்பு என்பதும் உறுத்தாது. பெயர் தேவையே இல்லாத இடத்தில் எடுத்துவிடுங்கள். மென்பொருளைத் திறந்து வைத்திருப்பவருக்கு அதன் பெயரை வரிக்கு வரி சொல்ல வேண்டியதில்லை.

பத்தியைவிடப் பெரிய அளவில் பிரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. கையேட்டை ஒரு நீண்ட கோப்பாக வைக்காமல், ஒரு கேள்விக்கு ஒரு கோப்பு என்று நறுக்குங்கள். பில் போடுவது எப்படி, பில்லை ரத்து செய்வது எப்படி, சம்பளச் சீட்டு எடுப்பது எப்படி. ஒவ்வொரு கையேட்டுக்கும் ஒரு பொருளடக்கக் கோப்பு, அதில் எந்தெந்தக் கோப்புகள் எந்த வரிசையில் என்ற பட்டியல். அப்போது பெரும்பாலான வேறுபாடுகளைப் பொருளடக்கமே பார்த்துக்கொள்ளும், கோப்புக்குள் குறி குறைவாக இருக்கும். சம்பளப் பகுதியைப் பாருங்கள். இங்கே மலேசியாவில் ஊழியர் சேமநிதியான இபிஎஃப்புக்குத் தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 5,000 ரிங்கிட் சம்பளம் வரை 13, அதற்கு மேல் 12 என்று போகிறது. சிங்கப்பூரின் சேமநிதியான சிபிஎஃப்பில் வயதுக்கு வயது விகிதம் மாறும். கணக்கின் அமைப்பே வேறு. இரண்டையும் ஒரே கோப்பில் குறி போட்டுப் பின்னினால் எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்துப் புரியாது. இரண்டு கோப்பாக எழுதி, மலேசியப் பொருளடக்கத்தில் ஒன்றையும் சிங்கப்பூர்ப் பொருளடக்கத்தில் மற்றதையும் சேருங்கள்.

கோப்புகளை இப்படிச் சேர்த்தும் விட்டும் எடுக்கும்போது அறுந்துபோவது லிங்க்குகள்தான். பில் கோப்பில் "கிளைகளை அமைப்பது பற்றி இங்கே பார்க்கவும்" என்று இருக்கும், அடிப்படைக் கையேட்டில் அந்தக் கோப்பே இருக்காது. அறுந்த லிங்க் ஒன்று இருந்தாலும் வெளியீடு நிற்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கை மட்டும் வந்தால் அவசரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். எஃப்1 விசையையும் மறக்காதீர்கள். மென்பொருளின் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஓர் அடையாள எண் இருக்கும், எஃப்1 அழுத்தினால் அந்த எண்ணுக்கு உரிய உதவிப் பக்கம் திறக்க வேண்டும். டெவலப்பர்களிடம் பதிப்புவாரியாக ஜன்னல் எண்களின் பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பதிப்பின் கையேட்டில் பக்கம் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

எஃப்1 என்றதும் பழைய நாள் நினைவுக்கு வருகிறது. 2001இல் நான் இந்த வேலைக்கு வந்தபோது விண்டோஸின் பழைய உதவிக் கோப்பு வடிவமான வின்ஹெல்ப்புக்கு வேர்டில்தான் எழுதினோம். ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் அடிக்குறிப்பு போட வேண்டும். அடையாளத்துக்கு ஒரு குறி, தலைப்புக்கு ஒன்று, தேடுசொல்லுக்கு ஒன்று. எழுத்தும் வெளியீட்டு வடிவமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது வின்ஹெல்ப் கோப்பைத் திறக்கும் நிரலை அதோடு சேர்க்கவில்லை. மூலமே அந்த வடிவத்தில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே எந்தக் கருவி வாங்கினாலும், நாளைக்கு அது இல்லாமல் போனால் என் எழுத்தைச் சாதாரண உரையாக வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் பற்றி ஒரே வார்த்தை: குறையுங்கள். ஒரு படம் என்றால் மூன்று பதிப்பு, இரண்டு நாடு, மூன்று மொழி, மறுபடியும் 18. பட்டனின் பெயரை எழுத்தில் சரியாகச் சொன்னால் பாதிப் படங்கள் தேவைப்படாது.

இப்போது கருவி. டிட்டா, ஐபிஎம் உருவாக்கி ஓயாசிஸ் என்ற தர அமைப்பிடம் கொடுத்தது, 2005இல் முதல் பதிப்பு வெளியானது. நான் மேலே சொன்ன எல்லாம் அதில் முறையாக உண்டு. ஆனால் கற்றுக்கொள்ள நாளாகும். நிறைய எழுத்தாளர்களும் நிறையத் தயாரிப்புகளும் உள்ள இடத்துக்கு அது பொருத்தம். எழுதுபவர் நீங்கள் ஒருவர், பார்த்துச் சொல்ல இரண்டு டெவலப்பர்கள் என்றால் அது பாரம். ஃபிளேர், ரோபோஹெல்ப், ஃபிரேம்மேக்கர் போன்றவை காசு கொடுத்து வாங்குபவை. வேர்ட் பழகியவர்களுக்கு அவை சீக்கிரம் கைவரும். சாதாரண உரையிலேயே சின்னச் சின்னக் குறியீடுகள் போட்டு எழுதும் மார்க்டவுன் எளிது, உங்கள் டெவலப்பர்கள் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் 2004இல் வந்த மூல மார்க்டவுனில் குறியும் கிடையாது, ஒரு கோப்புக்குள் இன்னொன்றைச் சேர்ப்பதும் கிடையாது. ஒவ்வொரு கருவியும் தன் இஷ்டத்துக்கு அதைச் சேர்த்திருக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் அந்தப் பகுதி எல்லாம் மாற்ற வேண்டும். ஆஸ்கிடாக்கில் குறி, மாறி, கோப்பு சேர்ப்பது மூன்றும் மொழியிலேயே இருக்கின்றன, கோப்பு சாதாரண உரை, காசும் இல்லை. உங்கள் அளவுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அதில் ஒன்றே ஒன்று கவனம். ஆஸ்கிடாக் கோப்பைக் கையேடாக்கும் நிரலான ஆஸ்கிடாக்டரின் வழக்கமான பிடிஎஃப் கருவி தமிழ் எழுத்துகளைக் கோத்துத் தராது. கெ, கொ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி விழும். தமிழுக்கு மட்டும் இணையப் பக்கமாக எடுத்து, அதை உலாவியில் திறந்து அங்கிருந்து பிடிஎஃப் ஆக்குங்கள். எந்தக் கருவியையும் வாங்கும் முன் விற்பவரிடம் இந்த ஒரு வரியைக் கொடுத்து பிடிஎஃப் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்: கெ கே கை கொ கோ கௌ க்ஷ ஸ்ரீ. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதாது. பிடிஎஃப்பில் அந்த வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், அதற்குள் 'கோ' என்று தேடிப் பாருங்கள். அழகாகத் தெரிந்தும் தேடலில் அகப்படாத கையேடு கடைக்காரருக்குப் பாதிதான் உதவும்.

தொடங்குவதற்கு, 18 கோப்பையும் ஒரே நேரத்தில் மாற்ற முயலாதீர்கள். பில் போடும் அத்தியாயம் ஒன்றை எடுங்கள், ஆங்கிலத்தில் மட்டும். ஆறு வேர்ட் கோப்பிலிருந்தும் அந்த அத்தியாயத்தை அச்சடித்து ஒரு பெரிய மேசையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்புங்கள். வேர்டின் ஒப்பீட்டு வசதியும் உதவும், ஆனால் காகிதத்தில் செய்தால் பக்கத்தில் ஒரு டெவலப்பரை உட்காரவைத்துப் பேசலாம். வேறுபடும் ஒவ்வோர் இடத்திலும் ஏன் என்று கேளுங்கள். சில இடங்களில் வசதி வேறு, சில இடங்களில் நாட்டின் சட்டம் வேறு. இவைதான் உங்கள் குறிகள், அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பவற்றில் பெரும்பகுதி, யாரோ எப்போதோ ஒரு கோப்பில் திருத்திவிட்டு மற்ற ஐந்தை விட்டதால் வந்திருக்கும். அவற்றுக்குக் குறி போடாதீர்கள். எது சரி என்று டெவலப்பரிடம் கேட்டு ஒன்றாக்குங்கள். மேசையில் வேறுபாடுகள் குவிந்து கிடப்பதைப் பார்த்து முதல் நாள் சோர்வாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் நிஜமான குறிகள் ஏழெட்டுக்குள் அடங்கிவிடுவதைத்தான் நான் பார்த்து வருகிறேன்.

குறிகளுக்குப் பெயர் வைக்கும்போது 'இல்லை' என்று தொடங்கும் பெயர் வேண்டாம். 'அடிப்படையில்-இல்லை' என்று ஒரு குறி இருந்தால், அதைச் சேர்க்க வேண்டுமா விட வேண்டுமா என்று வெளியிடுபவர் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு குறிக்குள் இன்னொரு குறி வைப்பதையும் முடிந்தவரை தவிருங்கள்.

அந்த ஓர் அத்தியாயம் புதிய மூலத்திலிருந்து ஆறு கையேட்டுக்கும் சரியாக வந்த அன்றே, பழைய வேர்ட் கோப்புகளிலிருந்து அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, அது புதிதாக இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் அங்கே எழுதி வையுங்கள். மலாய், தமிழ்க் கோப்புகளில் அந்தந்த மொழிபெயர்ப்பு தயாரானதும் அதையே செய்யுங்கள். ஒரு பிரதியை வேறெங்காவது பத்திரப்படுத்திக்கொள்ளலாம், அலுவலகத்தில் எல்லோரும் திறக்கும் ஃபோல்டரில் வேண்டாம். அங்கே இருந்தால் அடுத்த வாரமே விற்பனைப் பிரிவிலிருந்து யாராவது ஓர் அவசரத் திருத்தத்தை அதில் போட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார்கள், பத்தொன்பதாவது கோப்பு ஒன்று பிறந்துவிடும்.